படகு வாடகை டெபாசிட்டும் அதற்கான இன்சூரன்ஸும்: மும்பையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஜூன் பிறந்தால் மும்பையில் பாய்ப்படகுகள் கரையேறிவிடும். கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகுகளும் மழை ஓயும்வரை ஓடாது. குரோஷியா, கிரீஸ் பக்கம் சீசன் சூடுபிடிப்பது அதே மாதங்களில்தான். அக்டோபரிலிருந்து மே வரை மும்பைத் துறைமுகத்தில் பாய் கட்டப் பழகியவர்கள், நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே ஒரு வாரம் படகு எடுக்கலாம் என்று யோசிப்பது இயல்பு. கொட்டேஷன் கேட்டால் வரும் மெயிலில் வாடகைக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: “செக்யூரிட்டி டெபாசிட் 2,500 யூரோ, அல்லது டேமேஜ் வேவர் 350 யூரோ.” அதற்கும் கீழே டெபாசிட் இன்சூரன்ஸ் என்று இன்னொரு லிங்க். மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றும் வேறு வேறு.

முதலில் எந்த வகை சார்ட்டர் (படகு வாடகை) என்று பாருங்கள்

கேட்வேயிலிருந்து மணிக்கணக்கில் யாட் எடுப்பது ஆளோடு சேர்த்த சார்ட்டர். கேப்டனும் உதவியாளும் அவர்களுடையவர்கள். படகு எங்காவது இடித்தால் அது அவர்கள் பாடு. உங்களிடம் டெபாசிட் வாங்கினால் அது உள்ளே உடைகிற கண்ணாடி, சோபாவில் கொட்டுகிற சாம்பார் மாதிரி விஷயங்களுக்கு. எதற்கெல்லாம் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே படகின் பதிவுச் சான்றையும் பயணிகளுக்கான இன்சூரன்ஸையும் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று வீதம் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இந்த வகைக்கு இவ்வளவு போதும்.

பேர்போட் சார்ட்டரில் சாவி உங்கள் கையில். ஓட்டுவது நீங்கள் அல்லது உங்கள் குழுவில் லைசென்ஸ் உள்ள ஒருவர். கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்குத்தான். தனியாக ஒரு ஸ்கிப்பரை, அதாவது படகு ஓட்டும் கேப்டனைச் சம்பளத்துக்கு அமர்த்தினாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் டெபாசிட் உங்கள் பேரில்தான் இருக்கும். ஸ்கிப்பர் இடித்தால் யார் கட்டுவது என்று அவரிடமும் கம்பெனியிடமும் முன்கூட்டியே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

டெபாசிட் எதற்கு

படகுக்கு அதன் உரிமையாளர் முழு இன்சூரன்ஸ் எடுத்திருப்பார். நம் ஊர் கார் இன்சூரன்ஸில் கம்பல்சரி டிடக்டிபிள் என்று ஒரு தொகையை நம் தலையில் விடுவார்களே, அதே போல அந்தப் பாலிசியிலும் எக்ஸஸ் என்று ஒன்று உண்டு. முதல் 2,500 யூரோ சேதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி பார்க்காது, அதற்கு மேல்தான் பார்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2,500-ஐத்தான் உங்களிடம் டெபாசிட்டாகக் கேட்கிறார்கள். படகு பெரிதானால் தொகையும் பெரிதாகும். 40 அடிப் பாய்ப்படகுக்கு 2,000 முதல் 3,000 யூரோ கேட்பது சாதாரணம். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் என்றால் 4,000-க்கு மேல் போகும்.

“இந்த எக்ஸஸ் ஒரு வாரத்துக்கா, ஒரு சம்பவத்துக்கா?” ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. படகுப் பாலிசிகளில் எக்ஸஸ் பொதுவாகச் சம்பவத்துக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை துறையில் இடித்து, வியாழக்கிழமை பாய் கிழிந்தால் இரண்டு சம்பவம். சில ஒப்பந்தங்கள் இரண்டாவது சம்பவம் நடந்தால் டெபாசிட்டைத் திரும்ப நிரப்பச் சொல்கின்றன. சில ஒப்பந்தங்களில் மொத்தப் பொறுப்பே டெபாசிட் அளவோடு முடிந்துவிடும். இது தெரியாமல் எந்த இன்சூரன்ஸும் வாங்காதீர்கள்.

மூன்று வழி, ஒரே கணக்கு

முதல் வழி: முழு டெபாசிட்டையும் கட்டிவிட்டு, ரிஸ்க்கை நீங்களே சுமப்பது. சேதம் இல்லையென்றால் பைசா செலவில்லை.

இரண்டாவது: முழு டெபாசிட்டும் கட்டி, வெளியே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் டெபாசிட் இன்சூரன்ஸ் வாங்குவது. ஜெர்மனியின் பாண்டேனியஸ், யாட்பூல் போன்றவை இந்தத் தொழிலில் பழைய பெயர்கள். இந்தப் பாலிசி இருந்தாலும் செக்-இன் மேஜையில் 2,500 யூரோவுக்குக் கார்டு நீட்டத்தான் வேண்டும். “நான்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேனே” என்று அங்கே வாதாடிப் பலனில்லை. பேஸ்காரருக்கும் (சார்ட்டர் கம்பெனி படகு கொடுத்து வாங்கும் இடம்தான் பேஸ்) உங்கள் இன்சூரன்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் பிடித்துக்கொண்ட பணத்தைப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குத் தரும்.

மூன்றாவது, டேமேஜ் வேவர். இதைச் சார்ட்டர் கம்பெனியே விற்கும். ஒரு தொகை கட்டினால் டெபாசிட்டைக் குறைத்துவிடுவார்கள். கட்டிய தொகை திரும்ப வராது. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்: டெபாசிட் குறையும், ஆனால் எல்லா ஒப்பந்தத்திலும் பூஜ்யம் ஆகிவிடாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. டெபாசிட் 2,500. இன்சூரன்ஸ் பிரீமியம் 150, கிளெய்மில் 10 சதவீதம் நம் பங்கு. வேவர் 350, அதன் பிறகும் மிஞ்சுகிற டெபாசிட் 500. கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சேதமே இல்லையென்றால் முதல் வழியில் செலவு 0, இரண்டாவதில் 15,000 ரூபாய், மூன்றாவதில் 35,000. பின்பக்க மூலை உரசி 700 யூரோ சேதம் என்றால் முதல் வழியில் 70,000. இரண்டாவதில் பிரீமியம் 15,000, நம் பங்கு 7,000, ஆக 22,000. மூன்றாவதில் வேவர் 35,000, மிச்ச டெபாசிட் முழுவதும் போய் 50,000, ஆக 85,000. எந்தப் பாதுகாப்பும் எடுக்காதவரைவிட வேவர் எடுத்தவர் கூடுதலாகக் கொடுக்கிறார். டெபாசிட் மொத்தமும் போகிற அளவு பெரிய சேதமென்றால் முதல் வழியில் 2,50,000, இரண்டாவதில் 40,000, மூன்றாவதில் அதே 85,000.

ஆக, வேவர் பெரிய அடிக்குத்தான் காப்பு. புதிதாகப் போகிறவர்களிடம் அதிகம் நடப்பது சின்ன உரசல்கள். உங்கள் மெயிலில் உள்ள எண்களைப் போட்டு இதே மூன்று வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேவரில் மிஞ்சுகிற டெபாசிட் 100, 200 யூரோதான் என்றால் முடிவு மாறலாம். இன்சூரன்ஸ் கிடைக்காதவர்களுக்கு, முழு ரிஸ்க்கையும் தாங்களே சுமக்க மனமில்லையென்றால், வேவரை விட்டால் வேறு வழியும் இல்லை.

இந்திய முகவரி என்ற சிக்கல்

ஐரோப்பிய டெபாசிட் பாலிசிகள் பல அங்கே குடியிருப்பவர்களுக்கென்று எழுதப்பட்டவை. விண்ணப்பத்தில் நாடு தேர்வு செய்யும் இடத்தில் இந்தியா இல்லாமலே போகலாம். உடனே லண்டனில் இருக்கும் அத்தை பையன் முகவரியைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். கிளெய்ம் வரும்போது பாஸ்போர்ட், வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாம் கேட்பார்கள். முகவரி பொய் என்றால் பாலிசியே செல்லாது. அத்தை பையன் உண்மையிலேயே குழுவில் வருகிறார் என்றால் சரியான வழி வேறு: சார்ட்டர் ஒப்பந்தம் அவர் பேரில், டெபாசிட் அவர் கார்டில், பாலிசியும் அவர் பேரில். மூன்றிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும். செம்பூரில் இருப்பவர் டெபாசிட் கட்டி, லண்டன்காரர் பாலிசி வைத்திருந்தால், “உங்களுக்கு நஷ்டமே இல்லையே” என்று கைவிரித்துவிடுவார்கள்.

எப்படி இருந்தாலும் வாங்கும் முன் ஒரு மெயில் போடுங்கள்: “நான் இந்தியாவில் வசிக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட், எனக்கு இந்தப் பாலிசி செல்லுமா?” வருகிற பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே வாங்கும் டிராவல் இன்சூரன்ஸ் இதற்கு ஈடாகாது. அதில் தனிநபர் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கும். ஆனால் படகு ஓட்டுவதால் வரும் பொறுப்பைப் பொதுவாக விலக்குப் பட்டியலில் வைத்திருப்பார்கள். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பு மருத்துவச் செலவுக்கு, படகுக்கு அல்ல. 2023 ஜனவரி முதல் குரோஷியாவும் ஷெங்கனில் இருக்கிறது, நாணயமும் யூரோதான்.

பாலிசியில் எதைப் படிக்கவேண்டும்

முதல் பக்கத்தை விட்டுவிட்டு விலக்குகள் பக்கத்துக்குப் போங்கள். அலட்சியத்தின் அளவு முதல் விஷயம். சாதாரண அலட்சியம் காப்பில் இருக்கும். பெரும் அலட்சியம் பல பாலிசிகளில் இருக்காது. குடித்துவிட்டு ஓட்டுவது, எச்சரிக்கை கொடுத்த பிறகும் புயல் காற்றில் கிளம்புவது, ஒப்பந்தம் தடை செய்திருந்தும் இரவில் ஓட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் போகும். ‘பெரும் அலட்சியமும் சேர்த்து’ என்று தெளிவாக எழுதிய பாலிசி கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கொடுக்கலாம்.

அடுத்தது லைசென்ஸ். நீங்கள் படகு ஓட்டப்போகும் நாடு எந்தச் சான்றிதழை ஏற்கிறதோ அது உங்களிடம் இருக்கவேண்டும். குரோஷியாவில் ஏற்கப்படும் சான்றிதழ்களின் பட்டியலை அங்குள்ள கடல்துறை அமைச்சகம் வெளியிடுகிறது. விஎச்எஃப் ரேடியோ இயக்கும் சான்றும் கேட்பார்கள். சான்றிதழ் செல்லாது என்றால் டெபாசிட் இன்சூரன்ஸ் மட்டுமல்ல, படகின் முழு இன்சூரன்ஸும் உங்களைக் கைவிடும். அப்போது பேச்சு 2,500 யூரோவில் நிற்காது.

தொலைந்த பொருட்கள், பாய் கிழிதல், டிங்கியும் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) அதன் அவுட்போர்டு இன்ஜினும், அடைத்துக்கொண்ட கழிப்பறை, ப்ரொப்பல்லரில் சுற்றிய கயிறு ஆகிய ஐந்தும் உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கழிப்பறை அடைப்பு பெரும்பாலும் வெளியே. டிங்கி திருட்டு உள்ளே இருந்தாலும், பூட்டியிருந்ததற்கு ஆதாரமும் போலீஸ் புகாரும் கேட்பார்கள். ரெகாட்டா என்று சின்னதாகப் போட்டி வைத்தால்கூடத் தனிப் பிரீமியம் வேண்டும்.

டெபாசிட்டைத் தாண்டி வரும் பொறுப்புக்கு ஸ்கிப்பர் லயபிலிட்டி என்று தனிப் பாலிசி உண்டு. உங்கள் தவறால் அடுத்த வாரக் குழுவின் சார்ட்டர் ரத்தானால் அந்த நஷ்டத்தைக் கம்பெனி உங்களிடம் கேட்கலாம். அது போன்றவற்றுக்கு இது. டெபாசிட் இன்சூரன்ஸோடு சேர்த்துத் தொகுப்பாக விற்பார்கள். ஸ்கிப்பராகப் பெயர் கொடுப்பவர் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

கார்டு வேலை: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

டெபாசிட்டைக் கார்டில் ஹோல்டாகப் போடுகிறார்களா, வசூலித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்களா என்று கேளுங்கள். ஹோல்டு என்றால் கிரெடிட் லிமிட் கொஞ்ச நாள் முடங்கும், அவ்வளவுதான். வசூலித்தால் ஃபாரெக்ஸ் மார்க்கப் விழும். 3.5 சதவீத மார்க்கப், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 2,50,000 ரூபாய்க்கு 10,325 ரூபாய். படகு ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தாலும் பல வங்கிகளில் அந்தப் பணம் வராது. ரீஃபண்ட் வேறொரு நாள் விலையில் கணக்காகும் என்பதால் மேலும் கொஞ்சம் போகலாம். இதையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபருக்குப் பின் வந்த கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கி ஆப்பில் போய் நீங்களே திறந்து, பிஓஎஸ் (கார்டு மெஷின்) லிமிட்டை டெபாசிட் தொகைக்கு மேல் ஏற்றவேண்டும். மொத்த கிரெடிட் லிமிட் 5 லட்சம் இருந்தும் வெளிநாட்டு பிஓஎஸ் லிமிட் 1 லட்சத்தில் நின்றால் மேஜையில் டிக்ளைன்தான். அங்கே ஓடிபி வராது, பின் நம்பர் கேட்கும்; மறந்திருந்தால் இங்கேயே மாற்றிவிடுங்கள். டெபிட் கார்டு, ப்ரீபெய்டு ஃபாரெக்ஸ் கார்டு இரண்டையும் நம்பிப் போகாதீர்கள். டெபிட்டில் நிஜப் பணம் மாட்டிக்கொள்ளும், ஃபாரெக்ஸ் கார்டைப் பல பேஸ்களில் ஹோல்டுக்கு ஏற்கமாட்டார்கள்.

குழுவுக்குள்ளேயும் ஒரு ஒப்பந்தம் வேண்டும். கார்டு ஒருவருடையது, படகு ஐந்து பேருடையது. பிடித்தம் வந்தால் எல்லோரும் சமமாகவா, யார் சுக்கானில் இருந்தாரோ அவரா என்று வாட்ஸாப் குரூப்பில் ஒரு வரி எழுதி எல்லோரிடமும் ‘ஓகே’ வாங்கிவிடுங்கள். மாட்டுங்கா திரும்பிய பிறகு இந்தப் பேச்சை ஆரம்பித்தால் நட்பு தேறாது.

செக்-இன்: ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

சனிக்கிழமை மாலை 5 மணி வாக்கில் படகு தருவார்கள். அன்று பேஸில் பத்துப் படகு கைமாறும். ஊழியர் அவசரத்தில் இருப்பார். பட்டியலில் டிக் போட்டுக் கையெழுத்து கேட்பார். கையெழுத்துக்கு முன் மொபைலில் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். தேதி, படகின் பெயர், இன்ஜின் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் மூன்றும் தொடக்கத்தில் தெரியட்டும்.

நேரம் செலவிடவேண்டிய இடங்கள்: பின்பக்க இரண்டு மூலைகள், நங்கூரம் உரசும் முன்மூக்கு, கைப்பிடிக் கம்பிகளைத் தாங்கும் தூண்களின் அடிப்பகுதி, முன்பாயின் ஓரத்தில் வெயிலுக்குத் தைத்த பட்டை. சுக்கான் சக்கரத்தைப் பிடித்து ஆட்டி, ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள். நங்கூரத்தை இழுக்கும் விஞ்சை இன்ஜின் ஓடும்போது ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஃபெண்டர் (இடியைத் தாங்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தை), பாய்க்கயிறு இழுக்கும் விஞ்சின் கைப்பிடி, கொக்கிக் கம்பு எல்லாவற்றையும் எண்ணி எழுதுங்கள். ஒரு விஞ்ச் கைப்பிடி கடலில் விழுந்தாலே 50 யூரோவுக்கு மேல் போடுவார்கள்.

தண்ணீருக்கு அடியில் இருப்பதுதான் பெரிய பணம். மும்பைத் துறைமுகத்தில் சேற்றுத் தண்ணீர், கீழே பார்க்கும் பழக்கமே நமக்கு இல்லை. அட்ரியாட்டிக்கில் கண்ணாடி போலத் தெரியும். நீந்தும் முகமூடி ஒன்று 500 ரூபாய்க்கு இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். துறையில் இறங்க விடவில்லையென்றால் முதல் நாள் குளிக்கும் நிறுத்தத்திலேயே கீலின் (படகின் அடியில் நீண்டிருக்கும் கனமான பகுதி) முன்விளிம்பையும் ப்ரொப்பல்லரையும் சுக்கானின் கீழ்முனையையும் பார்த்து, பழைய அடி இருந்தால் படம் எடுத்து அன்றே பேஸுக்கு அனுப்புங்கள். செக்-அவுட்டில் பல பேஸ்கள் டைவரை இறக்குகின்றன.

எங்கே அடிபடுகிறது

நடுக்கடலில் அல்ல, கடைசி இருபது மீட்டரில். மும்பையில் படகுகள் கேட்வேக்கு எதிரே மிதவையில் கட்டிக் கிடக்கும். சின்னப் படகில் போய் ஏறுவோம். 40 அடிப் படகைப் பின்பக்கமாக ஓட்டி, இரண்டு படகுகளுக்கு நடுவே செருகிக் கட்டும் வேலை இங்கே வருவதே இல்லை. மத்தியதரைக் கடலில் தினமும் மாலை அதுதான் வேலை. மும்பையில் 4, 5 மீட்டர் ஏற்றவற்றத்தைச் சமாளித்த கை அங்கே இந்த ரிவர்ஸில் தடுமாறும்.

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பின்பக்க ஃபெண்டர் போடாமல் கல்துறையில் முட்டுவது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது வேகம் இல்லாமல் ரிவர்ஸ் போவது. வேகம் குறைந்தால் சுக்கான் பிடிக்காது. மூன்றாவது லேசி லைன்: கடலடிக் கட்டையிலிருந்து துறைக்கு வரும் கயிறு. அதை எடுத்து முன்பக்கம் கொண்டுபோகும்போது இன்ஜின் கியரில் இருந்தால் கயிறு ப்ரொப்பல்லரில் சுற்றும். டைவர் கூலி, சில சமயம் சீல் மாற்றம், படகைக் கரையேற்றும் செலவு என்று அது வளரும். ‘கயிறு கையில்’ என்று முன்னால் போகிறவர் கத்தினால் சுக்கானில் இருப்பவர் நியூட்ரலுக்கு வரவேண்டும். கயிறு இறுகிய பிறகுதான் மறுபடி கியர்.

முதல் நாள் கிளம்பியதும் ஆளில்லாத விரிகுடாவில் ஒரு மணி நேரம் ரிவர்ஸ் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். டீசல் செலவு பெரிதாக ஆகாது. முதல் நாளுக்கு மட்டும் உள்ளூர் ஸ்கிப்பர் ஒருவரை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடிபட்டுவிட்டால்

முதலில் ஆட்கள், பிறகு தண்ணீர் உள்ளே வருகிறதா, அதன் பிறகு போன். பேஸைக் கூப்பிடாமல் நீங்களே ரிப்பேர் செய்யாதீர்கள், வழியில் இருக்கும் மெக்கானிக்கையும் ஏற்றாதீர்கள். அனுமதி இல்லாத ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் ஏற்காது. லாக் புத்தகத்தில் நேரம், இடம், காற்று, சுக்கானில் யார், என்ன நடந்தது என்று அப்போதே எழுதுங்கள்.

இன்னொரு படகில் இடித்திருந்தால் அதன் பெயர், பதிவு எண், உரிமையாளர் விவரம், இரு படகுகளின் படங்கள் வேண்டும். துறைமுக அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டுமா என்று பேஸிடம் கேளுங்கள். “தவறு என்னுடையது, பணம் தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

கீல் பாறையில் தட்டியதை மட்டும் மறைக்கவே கூடாது. டைவர் கண்டுபிடிப்பார் என்பது ஒரு காரணம். கீல் போல்ட் ஆடிப்போன படகில் அடுத்த சனிக்கிழமை வேறொரு குடும்பம் ஏறும் என்பது இன்னொன்று.

செக்-அவுட்டும் கிளெய்மும்

வெள்ளிக்கிழமை மாலையே பேஸுக்கு வந்துவிடுங்கள். டைவர் பார்ப்பதும் பேச்சுவார்த்தையும் அன்றே முடியட்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு இறங்கச் சொல்வார்கள், டாக்ஸி காத்திருக்கும், அந்த அவசரத்தில் போடும் கையெழுத்துதான் விலை உயர்ந்தது.

பிடித்தம் என்றால் அங்கேயே கேட்டு வாங்கவேண்டியவை: இரு தரப்பும் கையெழுத்திட்ட சேத அறிக்கை, பொருள் கூலி பிரித்த பில் அல்லது எஸ்டிமேட், எவ்வளவு பிடித்தார்கள் என்ற ரசீது. ‘சேதம் 700 யூரோ’ என்று ஒற்றை வரியில் எழுதிய தாளை இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பும். இவற்றோடு சார்ட்டர் ஒப்பந்தம், குழுப் பட்டியல், செக்-இன் பட்டியல், ஸ்கிப்பர் சான்றிதழ், படங்கள், கார்டு ஸ்டேட்மெண்ட் சேர்த்து அனுப்பவேண்டும். சேதத்தைத் தெரிவிக்கப் பாலிசியில் நாள் கெடு இருக்கும். ஆவணம் முழுதாகச் சேராவிட்டாலும் முதல் தகவலை விமானம் ஏறும் முன் மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

“கரையேற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்” என்று முழு டெபாசிட்டையும் நிறுத்திவைத்தால், எந்தத் தேதிக்குள் பார்ப்பார்கள், மிச்சத்தை எப்போது விடுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஊர் வந்ததும் ஹோல்டு வசூலாக மாறியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்கள். எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் வசூலித்திருந்தால் அந்த ரசீதை வைத்து வங்கியில் டிஸ்ப்யூட் போடலாம். அதற்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.